லயம் யாருடைய இலாகா?

பெறுநர்: மாண்புமிகு கேரள முதலமைச்சர் அவர்கள், அமைச்சரவைப் பங்கீட்டைப் பேசி முடிக்கும் கூட்டணிக் கட்சித் தலைவர்கள்

அனுப்புநர்: தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை தாலூக்குகளில் தோட்டத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, அந்தக் கோப்புகளின் பின்னால் போகிறவர்கள்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களே,

புதிய அமைச்சரவையில் எத்தனை பேர், எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், எந்த மாவட்டம் விடுபட்டது என்ற பேச்சுதான் எங்கும் ஓடுகிறது. அந்தக் கணக்கில் எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. தேயிலை, ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளி குடியிருக்கும் லயமும் (தோட்டக் கம்பெனியின் வரிசை வீடு) அவருடைய பணிக்கொடையும் சாதிச் சான்றிதழும் எந்த மந்திரியின் மேசைக்குப் போக வேண்டும் என்பதை இலாகாப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேராக எழுதுங்கள் என்று கேட்கிறோம். ஒவ்வொரு முறையும் கெசட் வந்த பிறகுதான் இது விடுபட்டது தெரிகிறது. அப்புறம் ஐந்து ஆண்டுக்கு அந்தப் பட்டியலை இந்தக் காரணத்துக்காக யாரும் திறப்பதில்லை. ஆகவே கையெழுத்தாகும் முன்பே எழுதுகிறோம்.

எண்ணிக்கையில் உங்களுக்கு அதிக இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் 164(1ஏ) பிரிவைச் சேர்த்தது. முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்கள் சட்டப்பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கேரளத்தில் 140 உறுப்பினர், ஆகவே 21. 1957இல் இந்த மாநிலத்தின் முதல் அமைச்சரவை 11 பேரோடு நடந்தது. 2012இல் ஒரு கட்சிக்கு ஐந்தாவது மந்திரி உண்டா இல்லையா என்று மாதக்கணக்கில் இழுபறி நடந்தது. 2021இல் 21 இடமும் முதல் நாளிலேயே நிரம்பின. சி.பி.எம்.முக்கு 12, சி.பி.ஐ.க்கு 4, மற்ற ஐந்து கட்சிகளுக்குத் தலா ஒன்று. அதிலும் இரண்டு இடம் இரண்டரை ஆண்டு ஒருவருக்கு, மீதி இன்னொருவருக்கு என்று பேசி வைத்து, 2023 டிசம்பரில் கை மாறின. ஒரே ஓர் உறுப்பினர் உள்ள கட்சிக்கும் பாதி ஆட்சிக்காலத்தை அளந்து கொடுக்கும் அளவுக்கு நுணுக்கமாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்த நுணுக்கத்தில் கொஞ்சத்தை இலாகாப் பிரிவினைக்கும் காட்டுங்கள்.

மலையிலிருந்து மந்திரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 2016 நவம்பரில் உடும்பஞ்சோலை உறுப்பினர் எம்.எம். மணி மின்துறைக்கு வந்தார். 2021இல் இடுக்கி உறுப்பினர் ரோஷி அகஸ்டின் நீர்வளத் துறைக்கும், தமிழர் நிறைய வாழும் பாலக்காட்டுச் சித்தூரின் உறுப்பினர் கே. கிருஷ்ணன்குட்டி மின்துறைக்கும் வந்தார்கள். இவர்கள் யாரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. லயத்துக் கோப்பு இவர்கள் மேசைக்கு வரவே இல்லை, ஏனென்றால் அது இவர்கள் துறை இல்லை. தன் தொகுதிக்காரரின் கூரை ஒழுகுகிறது என்று தெரிந்தாலும், இன்னொரு துறையின் கோப்பில் ஒரு மந்திரி கையெழுத்துப் போட முடியாது. பரிந்துரைக் கடிதம் எழுதலாம். அந்தக் கடிதமும் கோப்பில் ஒரு தாளாகச் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

2021 பட்டியலையே எடுத்துப் பாருங்கள். தோட்ட இயக்ககம் தொழில் அமைச்சரின் இலாகாக்களோடு இருந்தது. தொழிலாளர் நலம் பொதுக் கல்வியோடு சேர்ந்து வேறொருவரிடம் போனது. தோட்டம் ஒரு மந்திரிக்கு, அதில் கொழுந்து கிள்ளுகிறவர் இன்னொரு மந்திரிக்கு. தோட்டம் நிற்கும் நிலம் வருவாய்த் துறைக்கு. வீடு கட்டித் தரும் லைஃப் மிஷன் உள்ளாட்சித் துறைக்கு. சாதிச் சான்றிதழில் வருவாய்த் துறையும் பட்டியல் சாதியினர் நலத் துறையும். ஆட்சிமொழி விவகாரம் பணியாளர், நிர்வாகச் சீர்திருத்தத் துறைக்கு. ஒரு குடும்பத்தின் ஒரே பிரச்சினை இத்தனை கதவு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

இது கோப்பில் எப்படிக் கெடுகிறது என்பதைக் காட்ட ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி, ஆறு முதல் பத்து வீடுகளை ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டியது. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. பழைய லயங்களில் சுவர் கல்லும் மண் சாந்தும், கூரை தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள குறுக்குச் சுவர் பல இடங்களில் முகடு வரைக்கும் போகாது. காற்றில் முதலில் நகர்வது முகட்டுத் தகடு. ஆணி ஓட்டை பெரிதாகும். தண்ணீர் உள்ளே சொட்டுவதற்கு முன் மரச்சட்டத்தோடு ஓடிச் சுவரின் தலைப்பில் இறங்கும். மண் சாந்து நெகிழும். அதைவிட மோசமான இடம் பின்பக்கம். சரிவுக்கும் பின்சுவருக்கும் நடுவே உள்ள வடிகாலில் ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து நிரம்பும். அதை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வாராவிட்டால் தண்ணீர் சுவரோடு நிற்கும், சுவர் உள்பக்கமாக வயிறு தள்ளும். முன்வாசலில் நின்று பார்க்கிறவருக்கு வெள்ளையடித்த திண்ணையும் பூச்செடியும் தெரியும். சோதனைக்கு வருகிறவர் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், அடுப்படிச் சுவரில் கை வைத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பார்த்து எழுதிய அறிக்கை எந்த ஆபத்தையும் சொல்லாது.

இப்படி ஒட்டிக் கட்டிய வரிசையில் நான்காம் வீட்டுக் கூரையை மட்டும் மாற்றினால் மூன்றாம் வீட்டு முகட்டிலிருந்து தண்ணீர் அங்கேயே வரும். வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் செய்தால்தான் பலன். ஆனால் அரசின் எந்த வீட்டுத் திட்டமும் வரிசையை எண்ணுவதில்லை, குடும்பத்தைத்தான் எண்ணுகிறது. லைஃப் மிஷனில் வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய். அதற்குச் சொந்த நிலம் வேண்டும். லயத்தில் இருப்பவருக்கு நிலம் இல்லை, பட்டயம் (நிலப் பட்டா) இல்லை. நிலமற்றோர் பட்டியலில் பெயர் சேர்த்தால் நிலம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். சரி, பஞ்சாயத்து ரிப்பேர் செய்யட்டும் என்றால், கம்பெனியின் கைவசமுள்ள நிலத்தில், பஞ்சாயத்துக்கு ஒப்படைக்காத கட்டடத்தில் உள்ளாட்சிப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் மாட்டும். கம்பெனி செய்ய வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அதை நடத்தி வைக்க வேண்டியவர் தோட்ட இன்ஸ்பெக்டர், அவர் தொழிலாளர் துறை. அவர் நோட்டீஸ் கொடுக்கலாம், வழக்குப் போடலாம், ஆனால் ஒரு தகடு வாங்க அவரிடம் பணத்தலைப்பு (வரவுசெலவில் அதற்கென்று ஒதுக்கிய கணக்கு) கிடையாது. பணத்தலைப்பு உள்ள துறைக்கு லயத்துக்குள் நுழைய அதிகாரம் கிடையாது. வரவுசெலவில் யாரோ ஒருவர் தொகை ஒதுக்கினாலும், எந்தத் துறை எப்படிச் செலவழிப்பது என்ற வழிகாட்டுதலுக்காகக் கோப்பு நிதித் துறைக்கும் சட்டத் துறைக்கும் போய் வருவதற்குள் நிதியாண்டு முடியும் மார்ச் 31 வந்துவிடும்.

2018 ஜூனில் தோட்டத் துறையைக் காப்பாற்ற அமைச்சரவை சில முடிவுகளை எடுத்தது. தோட்ட வரியை எடுத்துவிடுவதும் அதில் ஒன்று. வரியை எடுப்பது ஒரு துறையின் வேலை. அது நடந்தது. லயத்தைப் புதுப்பிப்பதற்கோ நான்கைந்து துறை ஒன்றாக உட்கார வேண்டும். முதலாளிக்குப் போக வேண்டிய சலுகை ஒரே கையெழுத்தில் போகிறது, தொழிலாளிக்கு வர வேண்டிய கூரை ஐந்து கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. இலாகாப் பிரிவினையின் அமைப்பே இதைச் செய்துவிடுகிறது.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி நிலச்சரிவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, நான்கு லயங்கள் மண்ணோடு போயின. 70 உயிர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் இல்லாத இரவில் நடந்தது மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. பெரியவாரையில் தற்காலிகப் பாலம் அடித்துப் போயிருந்ததால் மீட்புக்காரர்கள் வந்து சேரவும் தாமதமானது. சரிவின் நிலை, லயத்தின் நிலை, தொலைபேசிக் கோபுரம், பாலம் ஆகிய நான்கும் நான்கு வேறு அலுவலகங்களின் வேலை. மழைக்கு முன்னால் நான்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு யாருக்கு என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் பதில் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் எந்த இலாகாப் பட்டியலையும் காட்டிப் பதில் சொல்ல முடியாது.

இந்த முறை இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1951 சட்டம் அதில் ஒரு தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. தோட்டத்தில் வீடு, குடிநீர், கழிப்பறை, பிள்ளைக்கூடம் (குழந்தைக் காப்பகம்), மருத்துவம் எந்த அளவில் வேண்டும் என்பதை இனி மாநில விதிகள்தான் சொல்ல வேண்டும். தொகுப்புகளை எதிர்ப்பது உங்கள் அரசியல் நிலைப்பாடாக இருக்கலாம். அதில் எங்களுக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் விதி எழுதப்படாத இடைவெளியில் இன்ஸ்பெக்டர் எந்தப் பிரிவைக் காட்டி நோட்டீஸ் கொடுப்பார்? இந்தக் கேள்விக்குத் தனியாக உட்கார்ந்து பதில் எழுத ஒரு மந்திரி வேண்டும். பள்ளித் தேர்வும் பாடப்புத்தகமும் கையில் வைத்திருப்பவருக்கு ஜூன் மாதத்தில் இதற்கு நேரம் இருக்காது.

பணிக்கொடைக்கு வருவோம். இங்கே அதைக் கிராஜுவிட்டி என்றே சொல்வோம். ஓர் ஆண்டு வேலைக்கு 15 நாள் கூலி, ஓய்வுபெற்ற 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த கணக்கு. கடைசி நாள்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டு உழைத்தவருக்கு 2,02,500 ரூபாய் வரும். நொடித்துப்போன தோட்டங்களில் இந்தப் பணம் வருவதில்லை. பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பூட்டிய தோட்டங்களின் தொழிலாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பணம் வராமல் லயத்தைக் காலி செய்ய முடியாது, ஏனென்றால் ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்கவும் அந்தப் பணம்தான் முதல். லயத்தில் தொடர வேண்டுமானால் வீட்டில் ஒருவர் பெயர் செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடு) இருக்க வேண்டும். ஆகவே படித்த பிள்ளை கூடையைத் தூக்குகிறது. தொழிலாளர் துறை அதிகாரி வசூல் உத்தரவு போட்டால், அதை நில வரிப் பாக்கி போல வசூலிக்க வேண்டியது கலெக்டர். அங்கே அது வருவாய்த் துறையின் நூறு வசூல் கோப்புகளில் ஒன்று. இரண்டு மந்திரிகளையும் கேட்டால் இரண்டு பேரும் ‘உத்தரவு போட்டாகிவிட்டது’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

சாதிச் சான்றிதழ்தான் பிள்ளைகளை அதிகம் பாதிப்பது. பட்டியல் சாதிக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே முன்னோர் இங்கே நிலையாகக் குடியிருந்தார்கள் என்று காட்ட வேண்டும். அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் அது வில்லேஜ் ஆபீஸ் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். சான்றாக எதைக் கொடுப்பது? சொந்த நிலமில்லாதவரிடம் நிலவரி ரசீது இருக்காது. தாத்தா பெயர் உள்ள பழைய செக்ரோல், தோட்ட ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவு, தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகிய மூன்றும்தான் வழி. செக்ரோல் கம்பெனி ஸ்டோரில் கரையான் அரித்துக் கிடக்கும். அல்லது பெயர் மட்டும் இருக்கும், தகப்பன் பெயரோ சாதியோ இருக்காது. கம்பெனி நகல் தர மறுத்தால் வாங்கித் தரும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கு என்று தெளிவில்லை. பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய தேவிகுளம் தொகுதியின் தேர்தல் வழக்கே இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் 2023இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு விதமாகவும் 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் வேறு விதமாகவும் தீர்ப்பானது. வெற்றி பெற்ற உறுப்பினருக்கே அத்தனை ஆண்டு பிடித்தது என்றால், கல்லூரிச் சேர்க்கைக்கு இரண்டு வாரம் மட்டும் உள்ள பெண்பிள்ளை என்ன செய்வாள்?

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. தமிழில் எழுதிய மனுவுக்கு மலையாளத்தில் பதில் வருகிறது. அதில் ‘மேற்படி விஷயத்தில் கீழ்க்கண்ட ரேகைகள் (ஆவணங்கள்) 15 நாளுக்குள் ஹாஜராக்க வேண்டும்’ என்ற வரியைப் படித்துச் சொல்ல ஆள் தேடி முடிப்பதற்குள் அந்த 15 நாள் போய்விடும். மனு தள்ளுபடியாகும். தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க்குகளுக்கென்றே மாநிலத் தேர்வாணையமான பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு நடத்துகிறது. அப்படி வந்தவரை அந்த மேசையிலேயே வைத்திருப்பதற்குப் பொறுப்பான மந்திரி யார் என்பதுதான் எழுதப்படவில்லை.

ஒரு விஷயத்தை இலாகாப் பட்டியலில் பெயர் சொல்லி எழுதுவது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 2016இல் நிதி அமைச்சரின் பெயருக்கு நேரே ‘கயிறு’ என்று எழுதியிருந்தது. அதே அமைச்சரவையில் மீன்வளத்தோடு ‘முந்திரித் தொழில்’ என்று எழுதியிருந்தது. ஆலப்புழையின் கயிறு பிரிப்பவரும் கொல்லத்தின் பருப்பு உடைப்பவரும் தங்கள் குறையை யாரிடம் சொல்வது என்று தேட வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குப் போன மலையாளிகளுக்கென்று 1996இல் நோர்க்கா என்று ஒரு துறையே வந்தது. அது நல்ல காரியம். இதற்கென்று மந்திரி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ‘தோட்டத் தொழிலாளர்’ என்ற இரண்டு சொல்லை ஒரு பெயருக்கு நேரே எழுத மட்டும் எந்த அமைச்சரவைக்கும் தோன்றவில்லை.

முதலமைச்சரின் நேரடிப் பார்வையில் வைத்துக்கொள்கிறோம் என்று பதில் வரக்கூடும். அது வேண்டாம் என்று மரியாதையோடு சொல்கிறோம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள துறைகளே அதிகம். உங்கள் மேசையில் எங்கள் கோப்பு கடைசியில் இருக்கும்.

நாங்கள் கேட்பது இதுதான். அரசியல் சட்டம் 166(3)இன் கீழுள்ள அலுவல் விதிகளின்படி இலாகாக்களை ஒதுக்கும் அறிவிக்கையில், தொழிலாளர் துறை அமைச்சரின் பெயருக்கு நேரே ‘தோட்டத் தொழிலாளர் குடியிருப்பும் நலனும்’ என்று தனி வரியாகச் சேர்க்க வேண்டும். அவரிடம் பொதுக் கல்வி போன்ற பெரிய துறையை இந்த முறை சேர்க்கக் கூடாது. லயம் பராமரிப்புக்கான பணத்தலைப்பை அந்தத் துறைக்கே மாற்ற வேண்டும். அதைக் குடும்பக் கணக்கில் இல்லாமல் வரிசைக் கணக்கில் செலவிட வழிகாட்டுதல் வர வேண்டும். கம்பெனி செய்யத் தவறிய பழுதை அரசு செய்து, செலவைக் கம்பெனியிடமே வசூலிக்கவும் அதில் இடம் வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மே மாதத்துக்குள், ஒவ்வொரு லயத்தையும் பின்பக்கம் போய்ப் பார்த்து முகடு, பின்சுவர், வடிகால், சரிவு, தொலைபேசி சிக்னல், வெளியேறும் பாதை ஆகியவற்றை ஒரே படிவத்தில் பதிய வேண்டும். அந்தப் படிவத்தைப் பஞ்சாயத்துப் பலகையில் தமிழிலும் ஒட்ட வேண்டும். புதிய தொகுப்பின் கீழ் எழுதப்படும் மாநில விதிகளின் வரைவைத் தமிழிலும் வெளியிட்டு, மூணாறிலும் பீர்மேட்டிலும் நேரில் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் பெண்கள் வர முடியாது, ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்கள் தாங்களே உட்கார்ந்து போராடிய பிறகுதான் 232 ரூபாய் நாள்கூலி 301 ஆனது. அவர்களைக் கேட்காமல் எழுதும் விதி நிலைக்காது.

பணிக்கொடை வசூல் உத்தரவுகளுக்கென்று இடுக்கிக் கலெக்டர் அலுவலகத்தில் தனிப் பதிவேடு வைத்து, மாதம் ஒரு தடவை தொழிலாளர் துறை அமைச்சருக்கு அனுப்ப வேண்டும். 1950க்கு முந்தைய செக்ரோல்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் கம்பெனிகளிடமிருந்து அரசு பெற்று, ஸ்கேன் செய்து, தாலூக் ஆபீசில் வைக்க வேண்டும். நகல் கேட்டு வரும் பிள்ளைக்கு அன்றைக்கே தர வேண்டும்.

மொழிச் சிறுபான்மையினர் விவகாரத்தையும் ஒரு மந்திரியின் பெயருக்கு நேரே எழுத வேண்டும். இந்த மடலுக்கான பதிலை, எந்தத் துறை, எந்த செக்‌ஷன், கோப்பு எண் என்ன என்ற விவரத்தோடு, 1969 சட்டப்படி தமிழில் அனுப்பித் தரக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை தாலூக்குகளின் மனு எழுதுவோர்